பிளாண்டின் பந்தடிக்காத மாதங்கள்

பாசையூர், யாழ்ப்பாணம்
11.01.2004

அன்பு மகள் றொஷினிக்கு,

இது கோபத்தில் எழுதுகிற கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் கதைத்திருக்கலாம். ஆனால் சந்தியில் உள்ள கொமினிக்கேசன் கடையில் நான் வாய் திறந்தால், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் தங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கதை எங்களோடு இருக்கட்டும்.

உன் மாமி மாக்கிரட் ஞாயிறு பூசை முடிந்த கையோடு போன் எடுத்திருந்தாள். “அண்ணை, உங்கடை மோள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டாள். ஆரோ ஒரு காப்பிலிப் பெட்டையோடை வீடு எடுத்து இருக்கிறாளாம்” என்று சொல்லி அழுதாள். என் தங்கை அழுது நான் கேட்டது குறைவு.

மகள், உன் அம்மாவை வன்னியில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, உன்னை என்ன செய்வது என்று தெரியாமல் நான் நின்றபோது, கொழும்புவரை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனது மாக்கிரட்டின் புருசன் ஞானேந்திரன். அன்றிலிருந்து மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் இருக்கிற அவர்கள் வீடுதான் உனக்கு வீடு. அதைவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போவதற்கு அப்படி என்ன நடந்தது? மாக்கிரட்டைக் கேட்டால், “அவளையே கேளுங்கோ” என்கிறாள்.

அந்தப் பெட்டை பந்தடிக்கிறவளாம். நானும் பந்தடித்தவன்தான். லெப்ட் விங்கில் நான் ஓடியதைப் பற்றி இன்றைக்கும் குருநகரில் கேட்டுப்பார். ஆனால் பந்து எனக்குத் தந்தது முழங்கால் நோ மட்டுமே. சோறு தந்தது போட் இன்ஜின் திருத்துகிற வேலை. பந்தடிக்கிறவளை நம்பி வீட்டைவிட்டுப் போகிற அளவுக்கு நீ புத்தி கெட்டவள் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

மாமி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள். பிறகு எனக்கு எழுது.

அப்பா
செபஸ்தியாம்பிள்ளை


நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
29.01.2004

அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்றாம் மாடிப் படியில் நின்றே வாசித்தேன். கையுறையைக் கழற்றிய விரல்கள் விறைத்துப்போயின. உள்ளே வந்து வாசித்திருக்கலாம், பொறுக்க முடியவில்லை.

முதலாவது விசயம். காப்பிலி என்ற சொல்லை இனி எனக்கு எழுதவேண்டாம். அவளுக்குப் பெயர் இருக்கிறது. பிளாண்டின் எபொங்கே. கமரூனில் டுவாலா என்ற துறைமுகப் பட்டினம் அவளுடைய ஊர். என்னைவிட ஒரு வயது மூத்தவள். என்னுடைய பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாள். பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் அடிக்கிற சென்ரர் போவேட் அவள். நான் பிசியோதெரபி படிப்பவள் என்பதால் அந்த அணிக்குத் தண்ணீர்ப் போத்தலும் பான்டேஜும் காவுகிறேன். அப்படித்தான் பழக்கம்.

இரண்டாவது, என்ன நடந்தது என்று கேட்டீர்கள். நத்தார் திருநாளுக்குப் போக அவளுக்கு ஓரிடமும் இல்லை. அதனால் ரொக்ஸ்பரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாமி எல்லாருக்கும் நல்ல பீங்கான் தட்டில் சாப்பாடு போட்டா. பிளாண்டினுக்கு மட்டும் காகிதத் தட்டு. தேத்தண்ணியும் காகிதக் கோப்பையில். குசினிக்குள் போய், “ஏன் மாமி?” என்று கேட்டேன். “தட்டு முடிஞ்சுது பிள்ளை” என்றா. அவவுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி நிறையத் தட்டுகள் அடுக்கியிருந்தன.

பிளாண்டின் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். எழும்பிப் போய் மாமிக்கு மெர்சி என்று நன்றி சொன்னாள். திரும்பி வரும்போது ரெயிலில், “உன்ரை மாமியின்ரை கோழிக்கறி நல்ல ருசி” என்றாள். அதற்குப் பிறகு இறங்கும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி சோறு போட்டதை நான் மறக்கவில்லை, அப்பா. அந்தச் சோற்றை எந்தத் தட்டில் போட்டா என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை. புது வருசம் பிறந்ததும் வெளியே வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

மூன்றாவது, பந்தடிக்கிறவள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் பதினேழு வயதில் தன் நாட்டு இளையோர் அணிக்கு ஆடியவள். தேசிய அணிக்கு மாற்று ஆட்டக்காரியாக இறங்கி இரண்டு கோல் அடித்திருக்கிறாள். இங்கே வந்த முதல் வருடம் எங்கள் லீக்கில் அவளைவிடக் கூடக் கோல் அடித்தவர்கள் இல்லை. இப்போது கொஞ்சம் சரியில்லை. போன கோடைக்குப் பிறகு ஒரு கோலும் இல்லை. ஏனென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பங்குனியில் அவர்களுடைய தலைநகர் யாவுண்டேயில் தேசிய அணிக்கு முகாம் இருக்கிறது, கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே கால் திறந்துவிடும் என்கிறாள்.

உங்கள் முழங்காலுக்கு இரவில் சூட்டு ஒத்தடம் கொடுங்கள். எண்ணெய் பூசித் தேய்க்க வேண்டாம்.

றொஷினி


பாசையூர்
15.02.2004

அன்பு மகளுக்கு,

மாக்கிரட்டோடு கதைத்தேன். இந்த முறை கொமினிக்கேசன் கடையையே பொருட்படுத்தவில்லை. “தட்டு முடிஞ்சது உண்மையோ?” என்று கேட்டேன். “ஓம்” என்றாள். “கண்ணாடி அலுமாரிக்குள்ளை இருந்தது என்ன?” என்று கேட்டேன். லைன் வெட்டுப்பட்டுப் போயிற்று. பிறகு எடுத்தேன், மறுமொழி இல்லை. வரிசையில் நின்ற யோகராணி ரீச்சர், “என்ன தட்டு, செபஸ்தியான் அண்ணை?” என்று விசாரித்தா. ஊருக்கே தெரிந்துவிட்டது, போகட்டும்.

அந்தச் சொல்லை இனி எழுதமாட்டேன். நினைத்து எழுதியதில்லை, பழக்கத்தில் வந்தது. பழக்கத்தில் வந்தாலும் பிழை பிழைதான்.

மாமி வீட்டைப் பற்றி இப்போதைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞானேந்திரனோடு மட்டும் கதைத்துக்கொள். அவனுக்கு நீ என்றால் உயிர்.

இனி ஒரு கேள்வி. இந்தப் பிள்ளை எந்தக் காலால் அடிக்கிறவள்? கோல் விழாமல் போன பிறகு பந்தை எங்கிருந்து அடிக்கிறாள்? பெனால்ரிப் பெட்டிக்குள் போய் அடிக்கிறாளா, வெளியே நின்றே அடித்துவிடுகிறாளா? இதைச் சரியாகப் பார்த்து எழுது. நேற்று இன்ஜின் கொட்டிலில் இதைப் பற்றிக் கதை வந்தது. என்னோடு வேலை செய்கிற அரியரத்தினம் சொல்கிறான், முன்னுக்கு ஆடுகிறவர்களுக்கு ஒரு காலம் கோல் பூட்டிக்கொள்ளும், திறப்பு தானாக வந்து சேரும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிப்போகாமல் தூரத்தில் நின்று அடிக்கிறாள் என்றால் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது. அதற்கு மருந்து ஒன்றுதான்: ஆட்டத்துக்கு முன்னால் வெறும் கோலுக்குள் ஐம்பது தரம் அடிக்க வேண்டும். வலை அசைகிறதைக் கண் பார்க்க வேண்டும். சொல்லிப்பார்.

கமரூன் என்றால் எனக்குத் தெரியாதா? அந்த நாட்டு ஆட்டக்காரன் ஒருவன் போன வருடம் மைதானத்தின் நடுவில், ஒருவரும் முட்டாமல், தானாக விழுந்து செத்ததை இங்கேயும் தொலைக்காட்சியில் பார்த்தோமே. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அப்போது உனக்கு எழுதியிருந்தேன்.

அப்பா


நோத்ர-டாம்-த-கிரேஸ்
06.03.2004

அப்பா,

வலது காலால் அடிப்பவள். தூரத்தில் நின்றுதான் அடிக்கிறாள். நீங்கள் கேட்ட பிறகு கவனித்தேன். முன்பு பந்தோடு பாய்ந்து போகிறவள், இப்போது பாதியிலேயே கால் தளர்ந்து அங்கிருந்தே அடித்துவிடுகிறாள். இதை எழுதலாம் என்று இருந்தபோதுதான் மற்றது நடந்தது.

போன மாசக் கடைசியில் ஒரு பின்னேரம், உள்ளரங்கில் பயிற்சி முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். உடை மாற்றும் அறையில் நானும் அவளும் மட்டும். சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தவள் நிமிர்ந்தாள். சுவரைப் பிடித்தாள். பிறகு பிடித்த கை வழுக்கிக்கொண்டே கீழே வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் நிலத்தில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அவள் அங்கே இல்லை. காலைத் தூக்கிப் பிடித்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் முழித்தாள். முழித்ததும் என் சட்டையைப் பிடித்து, “ஒருத்தருக்கும் சொல்லாதை. முகாமுக்கு இன்னும் ரெண்டு கிழமைதான்” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அணி வைத்தியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் அவளைக் கூப்பிட்டு நெஞ்சில் வயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார். நான் கதவோரம் நின்றேன். கோடுகள் வந்த தாளைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. இதயத் தசை தடித்திருக்கலாம், ஓடும்போது நின்றுவிடக்கூடிய வகையாக இருக்கலாம், உறுதியாகத் தெரியும்வரை ஓட்டமும் இல்லை, பந்தும் இல்லை என்று சொல்லிவிட்டார். யாவுண்டேக்கும் அறிவித்தாகிவிட்டது. அவளுடைய இடத்துக்கு வேறொரு பெட்டையை எடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருதய நிபுணரைக் காட்ட வேண்டும். அதற்கு வரிசை. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

பிளாண்டின் என்னோடு கதைப்பதில்லை. ஒரே வீடு, ஒரே குசினி. நான் உள்ளே வந்தால் அவள் வெளியே போகிறாள். நேற்று அவளுடைய பந்து அறைக்கு வெளியே, குப்பைப் பைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்து என் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அப்பா, நான் செய்தது சரிதானே? இதை வேறு ஒருவரிடமும் கேட்க முடியாது.

றொஷினி


பாசையூர்
24.03.2004

மகளுக்கு,

கேட்டபடியால் சொல்கிறேன். நீ செய்தது பிழை.

பந்தடிக்கிறவர்கள் மயங்குவது புதினமில்லை. நான் பார்த்திருக்கிறேன். வெறும் வயிறு, வெயில், நித்திரை முழிப்பு. தண்ணீரைத் தெளித்தால் எழும்பி ஓடுவார்கள். அவளுக்கு இரண்டு கிழமையில் நாட்டு அணி முகாம். கோல் விழாமல் தவிக்கிற பிள்ளை, அங்கே போனால் சரிவரும் என்று காத்திருந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதைத் தட்டிவிட்டாய்.

காயத்துக்குக் கட்டுப் போடுகிறவரிடம் ஆட்டக்காரர் எதையும் மறைக்கமாட்டார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கிற சுவாமியார் மாதிரி அவர். அவர் வாய் திறந்தால் பிறகு ஒருவரும் அவரிடம் காலை நீட்டமாட்டார்கள்.

வைத்தியரிடம் போகத்தான் வேண்டும் என்றால், அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். “வா, ரெண்டு பேரும் போவம்” என்று ஒரு சொல். நீ அவளை நித்திரையில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாய். அதுதான் அவளுக்குச் சுட்டிருக்கும். எனக்கென்றால் சுட்டிருக்கும்.

எழுதியது கடுமை என்றால் பொறுத்துக்கொள். சரி என்று பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பா


நோத்ர-டாம்-த-கிரேஸ்
09.04.2004, பெரிய வெள்ளி

அப்பா,

தொலைக்காட்சியில் அந்த மனிதன் விழுந்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர் நீங்கள். அவனுக்கும் ஒரு பான்டேஜ்காரி இருந்திருந்தால், அவள் முதல் நாளே வாய் திறந்திருந்தால், அவளுக்கும் பிழை என்றுதான் எழுதியிருப்பீர்களா?

இன்னொன்றும் கேட்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்தது நான் என்று வையுங்கள். பிளாண்டின் அதைப் பார்த்துவிட்டு, நான் கேட்டபடியே ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தாள் என்று வையுங்கள். அவளை நல்ல சினேகிதி என்பீர்களா?

பதில் எழுத வேண்டாம்.

றொஷினி


பாசையூர்
27.04.2004

அன்பு மகள் றொஷினிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் தாளைக் கிழிக்காமல் முடிவுவரை வாசி. நான் இங்கே கிழித்தது போதும்.

நீ இரண்டாவதாகக் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் கொட்டிலில் இருந்தேன். இன்ஜின் கொண்டுவருகிற ஒவ்வொருவனுக்கும் நான் ஒரே கதையைத்தான் சொல்கிறவன். “சத்தம் கொஞ்சம் மாறினாலும் கரைக்குக் கொண்டு வா. கடலுக்கை போய் நிண்டால் பிறகு என்னைக் கூப்பிட்டு என்ன செய்யிறது?” போன கிழமையும் ஒரு பெடியனுக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அரியரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தான். உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

விழுந்தது நீ என்றால், மறைத்தவளை நான் இந்தப் பிறப்பில் மன்னித்திருக்கமாட்டேன். ஆகவே நீ செய்தது சரி. அவளுக்கு முதலில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்பதை மட்டும் நான் விடமாட்டேன். அது பிழை. ஆனால் சின்னப் பிழை. நான் எழுதியதுதான் பெரிய பிழை.

மாக்கிரட் எடுத்திருந்தாள். உயிர்த்த ஞாயிறு அன்று நீ ரொக்ஸ்பரோவுக்குப் போனாயாம், ஒன்றும் சாப்பிடாமல் உன் பழைய அறையில் பின்னேரம் முழுக்கப் படுத்துக் கிடந்தாயாம். ஏனென்று ஞானேந்திரன் கேட்டுத் தெரிந்துகொண்டு அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் மாக்கிரட் ஒறட்டரிக் கோயிலுக்குப் போய், சூசையப்பருக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். “றொஷினிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை” என்றாள். சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் எந்த இரகசியம் தங்கியிருக்கிறது?

மகள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதைக்காமல் இருப்பது நல்லதில்லை. நீ போய் அவளுடைய கதவைத் தட்டு. என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் நில். ஆஸ்பத்திரியில் கூப்பிடும்போது தனியாகப் போகவிடாதே.

அப்பா


நோத்ர-டாம்-த-கிரேஸ்
30.05.2004

அன்புள்ள அப்பா,

அவளுக்கு ஒன்றும் இல்லை. நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. கடிதம் நீளம், உங்களுக்கு முடிவு தெரியாமல் வாசிக்கப் பொறுமை வராது என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி ஆறுதலாக வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே கதவைத் தட்டினேன். திறந்தாள். நீங்கள் சொன்னபடி ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவளும் நின்றாள். கடைசியில் அவள்தான், “உள்ளை வா, குளிர் வருது” என்றாள். வைகாசியில் என்ன குளிர்? யன்னலெல்லாம் திறந்து கிடந்தது.

கட்டில் ஓரத்தில் இருந்தோம். “உன்னைக் கேக்காமல் போனதுக்கு மன்னிச்சுக்கொள். போனதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன்” என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நீ சொன்னதிலை எனக்குக் கோபம் இல்லை. டொக்ரர் ஓடக்கூடாது எண்டு சொன்ன உடனை எனக்கு நிம்மதியாய் இருந்தது. அதுதான் கோபம்.”

எனக்கு விளங்கவில்லை. விளக்கினாள். போன வருடம் அந்த மனிதன் விழுந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பிறகு மறந்தோம். அவள் மறக்கவில்லை. அவன் அவளுடைய நாட்டு ஆள். அவள் பார்த்து வளர்ந்த ஆட்டக்காரன். அன்றிலிருந்து, பந்தோடு முழு வேகம் எடுக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் நெஞ்சு அடிப்பது காதில் கேட்டிருக்கிறது. ஒன்று கூடுகிறதா, ஒன்று தவறுகிறதா என்று ஓடிக்கொண்டே கேட்டிருக்கிறாள். கேட்டதும் கால் தானாகத் தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்திலேயே பந்தை அடித்துவிடுவாள். வேகத்தில் போய் விழாமல் இருக்க. இதுதான் அப்பா, கோல் பூட்டிக்கொண்ட கதை. வெறும் கோலுக்குள் ஐம்பது தரம் அடித்திருந்தாலும் திறந்திருக்காது.

“ஆருக்காவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“டுவாலாவிலை எனக்குக் கீழை நாலு தம்பி தங்கச்சி. என்ரை படத்தை வெட்டிச் சுவரிலை ஒட்டி வைச்சிருக்கினம். எனக்குப் பயம் எண்டு ஆருக்குச் சொல்ல?” என்றாள்.

அன்று இரண்டு பேரும் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் இடியப்பம்போல ஒரு நூடில்ஸ் வாங்கிவந்து, முட்டை போட்டுக் கிளறிச் சாப்பிட்டோம். நெடுநாளுக்குப் பிறகு ஒரே மேசையில்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன கிழமை கூப்பிட்டார்கள். கூடப் போனேன். நிபுணர் ஒரு பெண். நெஞ்சை ஸ்கான் பண்ணினார்கள், வயர்களை ஒட்டி ஓடும் பட்டியில் ஓடவிட்டார்கள். அவள் ஓடத் தயங்கினாள். வைத்தியர் பட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, “நான் இதிலைதான் நிக்கிறன். ஓடுங்கோ” என்றா. பிளாண்டின் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஓடினாள். முதலில் பயந்து, பிறகு நான் மாதக்கணக்கில் காணாத வேகத்தில். எனக்குக் கண் திரையில் இருந்தது. திரையில் என்ன ஓடியதென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வைத்தியர் எங்கள் இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னா. கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களின் இதயம் கொஞ்சம் தடிக்கும், அது பலம், நோயில்லை. ஆபிரிக்க வழி வந்த ஆட்டக்காரர் பலருக்கு இ.சி.ஜி. கோடு இப்படித்தான் விழும், அதைப் பார்த்து முதல் வைத்தியர் பயந்ததில் தப்பில்லை, ஸ்கானில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றா. அப்படியென்றால் மயங்கியது ஏன் என்று கேட்டேன். இரத்தம் பார்த்திருக்கிறார்கள். இரும்புச்சத்து அடிமட்டத்தில். பந்தடிக்கிற பெண்கள் பலருக்கு வருகிறது, ஒருவரும் பார்ப்பதில்லை என்றா. குளிசை தந்திருக்கிறா. சத்து ஏறியதும் ஆடலாம்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். நூற்றைந்தாம் இலக்க பஸ் வந்தது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை. பிளாண்டின் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “கேக்குதோ?” என்று கேட்டேன். “இல்லை. ரோட்டுச் சத்தம்தான் கேக்குது” என்றாள். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. எனக்கு மூக்குத் துடைக்கத் தாள் எடுத்துத் தந்தாள்.

கட்டிலுக்குக் கீழே இருந்த பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதை எறிந்ததே தனக்கு நினைவில்லை என்கிறாள். நம்பவில்லை.

உங்கள்
றொஷினி


பாசையூர்
14.06.2004

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்த அன்று கொட்டிலைப் பூட்டிவிட்டேன். வேலை ஓடவில்லை. அரியரத்தினத்துக்கும் யோகராணி ரீச்சருக்கும் வாசித்துக் காட்டினேன். ஐம்பது தரம் அடிக்கச் சொன்ன பகுதியை விட்டுவிட்டு வாசித்தேன். அரியரத்தினம் தாளைப் பறித்து அதையும் வாசித்துவிட்டான். இனி இந்தக் கிழவன் பந்தைப் பற்றி வாய் திறந்தால் ஊரே சிரிக்கும்.

நேற்று அந்தோனியார் திருநாள். பூசையில் அவளுடைய பெயரை வாசிக்க ஒரு கருத்துக் கொடுத்தேன், நன்றிக் கருத்து. சுவாமியார் புதியவர். வாசித்துக்கொண்டு வந்தவர் பெயரில் தடக்குப்பட்டார். பிளா, பிளாந்தி, பிறகு ஒருமாதிரி எபொங்கேயையும் சொல்லி முடித்தார். பூசை முடிந்து வாசலில் நின்று, “ஐயா, இது ஆர்? உங்கடை சொந்தமோ?” என்று கேட்டார். “எங்கடை சென்ரர் போவேட், சுவாமி” என்றேன். பக்கத்தில் நின்ற விளையாட்டுக் கழகப் பெடியள் கையைத் தட்டினார்கள்.

பசளிக்கீரையும் முருங்கையிலையும் அங்கே தமிழ்க் கடையில் வரும் என்று ஞானேந்திரன் சொன்னான். நிறையப் போட்டுச் சமைத்துக் கொடு. சமைக்கத் தெரியாவிட்டால் மாக்கிரட்டைக் கேள். உனக்கு எடுக்கத்தான் அவளும் காத்துக்கொண்டிருக்கிறாள், எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நீ எடு. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கீரை எப்படிக் கழுவுகிறதென்று கேள்.

அப்பா


நோத்ர-டாம்-த-கிரேஸ்
16.08.2004

அன்புள்ள அப்பா,

மாமிக்கு எடுத்தேன். கீரையைப் பற்றித்தான் கேட்டேன். கழுவும் முறையில் தொடங்கி நீண்ட நேரம் கதைத்தா. கடைசியில், “அந்தப் பிள்ளை முருங்கையிலை தின்னுமோ?” என்று கேட்டா. தின்னும் என்றேன். அடுத்த சனிக்கிழமை மாமாவும் அவவும் வந்து வாசலில் நின்றார்கள். மாமி எங்கள் குசினியில் நின்று சமைத்தா. பிளாண்டினோடு மாமிக்குக் கதைக்கப் பாசை இல்லை. பிளாண்டின் கீரை ஆய்ந்தாள், மாமி அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்று, காம்பைக் கிள்ளும் விதத்தைத் தன் கையால் பிடித்துக் காட்டினா. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். ஆனால் நான் இப்போது ஞாயிறுகளில் ரொக்ஸ்பரோவுக்குப் போகிறேன்.

இந்த மாசத் தொடக்கத்தில் மறுபடி இரத்தம் பார்த்தார்கள், ஆடலாம் என்று விட்டுவிட்டார்கள். நேற்று முதல் ஆட்டம். லொங்குய்ய் அணியோடு, அவர்களுடைய மைதானத்தில். மெட்ரோவில் ஆற்றுக்குக் கீழால் போகும்போது பிளாண்டின் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். நான் மருந்துப் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் இல்லையென்று தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தத் தாளையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

முதல் பாதியில் அவளை இறக்கவில்லை. இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். எங்கள் அணி ஒரு கோல் பின்னால். கொஞ்ச நேரம் பந்தைத் தொடவேயில்லை. வெயிலில் அங்கும் இங்கும் நடந்தாள். அப்போது நடுவிலிருந்து ஒருத்தி பந்தை நீளமாக முன்னுக்குப் போட்டாள். பிளாண்டினும் அவர்களுடைய பின்வரிசைக்காரி ஒருத்தியும் ஒன்றாகப் புறப்பட்டார்கள். பந்து பெட்டிக்கு வெளியே துள்ளியது. போன வருடமென்றால் அங்கே அடித்திருப்பாள். அடிக்கவில்லை. ஓடினாள். அப்பா, எனக்கு அவளை இரண்டு வருடமாகத் தெரியும், அப்படி ஓடிக் கண்டதில்லை. பின்வரிசைக்காரி ஒரு கட்டத்தில் விட்டுவிட்டு நின்று பார்த்தாள். கோல் காப்பவள் முன்னால் வந்தாள். பிளாண்டின் அவளைச் சுற்றிக்கொண்டு போய், வெறும் வலைக்குள் பந்தை இடது காலால் தள்ளிவிட்டாள். பெரிய அடி இல்லை. சும்மா ஒரு தட்டு.

ஓட்டம் நிற்கவில்லை. வலையைத் தாண்டி, கொடிக்கம்பத்தடிவரை போய், அங்கே விழுந்தாள். மல்லாந்து, கை இரண்டையும் விரித்து, அசையாமல்.

மைதானம் முழுவதும் ஒரு சத்தம் எழும்பியதாம். எனக்கு அது கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யாரோ என்னைத் தடுத்தார்கள், தள்ளிவிட்டு ஓடினேன். அந்தத் தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. முழங்காலில் விழுந்து அவளுடைய கழுத்தில் விரலை வைத்தேன். நாடி அடித்தது, பலமாக, ஒழுங்காக. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை. சிரிக்க மூச்சுப் போதாமல் சிரித்தாள்.

“என்ன செய்யுது? சொல்லு, என்ன செய்யுது?” என்றேன்.

“களைச்சுப் போனன்” என்றாள்.

“வேறை?”

“வேறை ஒண்டும் இல்லை. களைச்சுப் போனன், றொஷினி. கனகாலமாய் இப்பிடிக் களைக்கேல்லை.”

மற்றப் பெட்டைகள் வந்து அவள்மேல் விழுந்தார்கள். நானும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டேன். ஆட்டம் கடைசியில் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. வெல்லவில்லை. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இன்று காலை யாவுண்டேயிலிருந்து தொலைபேசி வந்தது. அடுத்த முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இடம் நிச்சயம் என்று சொல்லவில்லை. வந்து ஓடிக் காட்டு, பார்ப்போம் என்றார்களாம். பிளாண்டின் எனக்கு முன்னால் நின்று கதைத்தாள். “ஓம், வாறன். ஓம், ஓடுவன்” என்று சொல்லி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. இன்னும் எழும்பவில்லை. கதவு திறந்து கிடக்கிறது, குறட்டைச் சத்தம் குசினிவரை வருகிறது. எழுப்ப மனமில்லாமல் இருந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள்
றொஷினி